வளர்ந்த மரத்தை வீட்டுத் தோட்டத்தில் நடுவது: மொரீஷியஸ் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1960 ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரியில் கேரல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து அடித்த பிறகுதான் மொரீஷியஸில் மர வீடும் தகர வீடும் குறைந்து கான்கிரீட் வீடு பெருகியது. அந்த வீடு காற்றுக்கு அசையாது. ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதன் தட்டை மாடியும் மேற்குச் சுவரும் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி படுக்கும் நேரத்தில் அறைக்குள் இறக்கும். வடக்கே திரியோலே, குட்லண்ட்ஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுவரோரம் ஒரு மாமரம் நின்றால் கதை வேறு. கொட்டை போட்டு வளர்த்தால் சுவரை மறைக்கும் நிழலுக்கு எட்டுப் பத்து வருடமாவது ஆகும். அதனால்தான் நர்சரியில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் மரத்தைப் பார்த்ததும் கை பர்ஸுக்குப் போகிறது. போகட்டும், தப்பில்லை. வாங்கும்போது ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கிளையும் இலையும் முழுதாக வீட்டுக்கு வருகின்றன, வேர் அப்படி வருவதில்லை. தரையிலிருந்து தோண்டி எடுத்த மரமாக இருந்தால் வேரில் பெரும்பகுதி, சில சமயம் பத்தில் ஒன்பது பங்கு, பழைய மண்ணிலேயே தங்கிவிடும். புயலடிக்கும் தீவில் வேரில்லாத உயரம் என்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே அடுத்த ஜனவரிக்குள் அந்த வேரை எப்படி மீட்பது என்பதைப் பற்றித்தான்.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

முதல் வருடமே கிடைப்பவை: மேற்கு வெயிலுக்கு ஓரளவு மறைப்பு, எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு திரை, பறவைகள், துணிக்கொடி கட்ட ஒரு கிளை. இலைகள் விடும் நீராவியால் மரத்தைச் சுற்றியுள்ள காற்று கொஞ்சம் குளிரும். சரிவான நிலமாக இருந்தால் இரண்டு மூன்று வருடத்தில் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பெருமழை அடித்தால் தண்ணீர் வாசலுக்குப் பாயும் வேகமும் கொஞ்சம் குறையும். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இதைச் சின்ன லாபம் என்று சொல்லமாட்டார்கள்.

முதல் வருடம் கிடைக்காதது பழம். நர்சரியில் காயோடு நின்ற மரம் உங்கள் வீட்டிலும் அடுத்த பருவமே காய்க்கும் என்று நம்பி வாங்காதீர்கள். காய்த்தாலும் பிஞ்சிலேயே கிள்ளிவிட வேண்டும். அந்தச் சத்து வேருக்குப் போகட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மரம் விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். பெரிய மரம் புது மண்ணில் வேர்விட்டு நிலைக்க அதிக காலம் எடுக்கும். அடிமரம் 5 செ.மீ. கனமுள்ள மரத்தையும் 2 செ.மீ. கனமுள்ள கன்றையும் ஒரே நாளில் நட்டால், சில வருடங்களில் கன்று எட்டிப் பிடித்துவிடுவதும் உண்டு. நிழலும் மறைப்பும் உடனே வேண்டும் என்றால்தான் பெரிய மரத்துக்குச் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. பழம்தான் குறி என்றால் நல்ல ஒட்டுக்கன்று போதும், மூன்று நான்கு வருடத்தில் மாங்காய் பறிக்கலாம்.

எதைப் பெரிதாக வாங்கலாம்

முருங்கையைப் பெரிதாக வாங்குவது வீண் செலவு. பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரு மீட்டர் நீளப் போத்து வெட்டிக் கொடுப்பார்கள், ஒரே வருடத்தில் கீரை பறித்துக்கொண்டே இருக்கலாம். புயலில் முறிந்தாலும் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். வாழையும் அப்படித்தான். பக்கக்கன்று ஒன்று வைத்தால் காவடி முடிந்து ஏழு கறி பரிமாற இலை வீட்டிலேயே கிடைக்கும். கறிவேப்பிலையையும் சின்னதாகவே வையுங்கள். ஆனால் எலுமிச்சைக்கு அருகில் வேண்டாம். எலுமிச்சை வகை மரங்களைப் பச்சை நோயால் அழிக்கும் கிருமியைச் சுமந்து பரப்பும் சாறுறிஞ்சிப் பூச்சிக்குக் கறிவேப்பிலைக் கொழுந்து என்றால் உயிர். அது அங்கே பெருகி எலுமிச்சைக்குத் தாவும்.

பெரிதாக வாங்கத் தகுந்தவை மா, வேம்பு, பலா, சீமைப்பலா, பிறகு பனைக்குடும்ப மரங்கள். மாவில் மேசோன் ரூஜ், தோஃபினே, ஜோசே என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்சி உண்டு, அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. ஒட்டுமரமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அடியில் ஒட்டுத் தழும்பு தெரியும். பலாவின் ஆணிவேர் இடமாற்றத்தை விரும்பாது. அதனால் தோண்டி எடுத்த பலாவை ஒதுக்கிவிட்டு, தொட்டியிலேயே வளர்ந்ததை வாங்குங்கள்.

லிச்சியில் எச்சரிக்கை தேவை. இங்கே விற்கும் லிச்சி பெரும்பாலும் விண்பதியம், அதாவது கிளையிலேயே வேர்விட வைத்து வெட்டி எடுத்தது. தாய்மரத்தின் அதே பழம் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் ஆணிவேர் கிடையாது, இருக்கும் வேரும் மேலோட்டமானது. பெரிய லிச்சியை வெட்டவெளியில் நட்டுவிட்டு முதல் புயலில் அது நிற்கும் என்று பந்தயம் கட்டமாட்டேன். வீட்டுச் சுவரோ மதிலோ காற்றைத் தடுக்கும் மூலையில் என்றால் நடலாம்.

பனை வகைகள்தான் இந்தத் தீவுக்குப் பொருத்தமான பெரிய மரங்கள். தண்டின் கனத்தோடு ஒப்பிட்டால் சிறிய மண்கட்டியோடு எடுத்தாலும் பிழைத்துக்கொள்ளும், காற்றில் மட்டையை இழந்து நடுத்தண்டைக் காப்பாற்றிக்கொள்ளும். தென்னை எல்லோருக்கும் தெரியும். அதோடு இந்த மண்ணுக்கே உரிய இரண்டையும் பாருங்கள்: அடி பெருத்துப் புட்டி வடிவில் நிற்கும் புட்டிப்பனை, நீலச் சாம்பல் ஓலையுள்ள லத்தானியர். புட்டிப்பனை காட்டில் ரவுண்ட் தீவில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது, நர்சரியில் தாராளமாகக் கிடைக்கிறது. சிறிய முற்றத்துக்கும் அடங்கும்.

கடற்கரையோர வீடு என்றால் உப்புக்காற்றைத் தாங்குபவை தென்னை, வேம்பு, நாட்டு வாதுமை என்னும் பாதாம் மரம். அங்கே லிச்சி, அவகாடோ ஆசை வேண்டாம். ஆல், அரசு இரண்டையும் கோயில் வளாகத்துக்கு விட்டுவிடுங்கள். பத்துப் பெர்ஷ், அதாவது ஏறக்குறைய 420 சதுர மீட்டர் மனையில் அவை செப்டிக் குழியையும் அஸ்திவாரத்தையும் தேடிப் போகும்.

இடம்

தமிழ்நாட்டில் அச்சான தோட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இடம் தேர்ந்தெடுத்தால் திசை தலைகீழாகும். நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம். குளிர்காலச் சூரியன் இங்கே வடக்கே சாய்ந்து போகும், கோடையில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். ஆகவே மரம் தடுக்க வேண்டியது மேற்கே இருந்து வரும் மூன்று மணி வெயில். மேற்கு அல்லது வடமேற்கு மூலை நல்லது. வடக்குப் பக்கத்தைத் திறந்தே விடுங்கள், முக்கியமாகக் கியூர்பிப், வக்வா போன்ற ஈரமான மேட்டு ஊர்களில். ஜூலையில் சுவர் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அந்த வெயில் வேண்டும். மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சு. வடக்கே ஒரு பெரிய மாமரம் நட்டால் குளிர்காலத்தில் வெந்நீர் போச்சு.

வீட்டுச் சுவரிலிருந்து 4, 5 மீட்டராவது தள்ளி நடுங்கள். நிழலுக்கு அது போதும், புயலில் கிளை மாடியில் விழாமலும் இருக்கும். செப்டிக் குழி, தண்ணீர்க் குழாய் ஓடும் பாதை எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். கம்பிக்கு அருகே வளர்ந்த கிளையை நீங்களாக வெட்டக் கூடாது, மின்சார வாரியத்துக்குத்தான் சொல்ல வேண்டும்.

மதிலோரத் தகராறு தனிக் கதை. பக்கத்துத் தீவு ரீயூனியனில் நடப்பில் உள்ள பிரெஞ்சு சிவில் சட்டப்படி 2 மீட்டருக்கு மேல் உயரும் மரம் எல்லையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நம் சிவில் சட்டமும் அதே வேரிலிருந்து வந்தது. அந்த 2 மீட்டரைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டு, நடுவதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உதிரும் மாவிலையைக் கூட்டப்போவது அவர்களும்தான்.

எப்போது நடுவது

ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை. இந்தத் தேதியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். புயல் பருவம் நவம்பரில் தொடங்கி மே நடுப்பகுதி வரை நீளும். ஆனால் பெயர் போன புயல்களைப் பாருங்கள்: கேரல் 1960 பிப்ரவரி, ஜெர்வேஸ் 1975 பிப்ரவரி, ஹொலாண்டா 1994 பிப்ரவரி, டினா 2002 ஜனவரி. மே மாதம் நட்டால் மண்ணில் இன்னும் சூடும் ஈரமும் இருக்கும், வெயில் தணிந்துகொண்டே போகும், அடுத்த ஜனவரிக்கு ஏழெட்டு மாதம் கையில் இருக்கும். தீபாவளிக்கு வீட்டை அலங்கரிக்கும் ஜோரில் நவம்பரில் மரம் வாங்கினால் இரண்டே மாதத்தில் அது புயலைச் சந்திக்கும். அதற்கு முன்னால் அக்டோபர், நவம்பர் வறட்சியில் குழாய்த் தண்ணீர் மணிக்கணக்கு பார்த்துத்தான் வரும்.

ஏற்கெனவே உங்கள் நிலத்தில் நிற்கும் மரத்தை இடம் மாற்றுவதாக இருந்தால் வேலை இன்னும் முன்னால் தொடங்குகிறது. நடுவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் முன்பே, எடுக்கப்போகும் மண்கட்டியின் ஓரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி, வேரைக் கூரான மண்வெட்டியால் அறுத்து, மண்ணை நிரப்பிவிடுங்கள். அறுத்த முனைகளில் புதிய சல்லி வேர் வரும். ஒரே தடவையில் முழு வட்டமும் வெட்டாமல் பாதிப் பாதியாக வெட்டினால் இடையில் ஒரு புயல் வந்தாலும் மரம் நிற்கும்.

நர்சரியில் மரத்தைத் தேர்ந்தெடுப்பது

உயரத்தைப் பார்ப்பதற்கு முன் அடியைப் பாருங்கள்.

அடிமரத்தைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். மண்கட்டியும் சேர்ந்து ஆடினால் சரி. மரம் மட்டும் தனியாக ஆடினால் வேர் மண்ணைப் பிடிக்கவில்லை. தொட்டி மரத்தை, சங்கடப்படாமல், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வேர் தொட்டியின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றியிருந்தால் அது நெடுநாள் அங்கே கிடந்த மரம். ஓரமாகச் சுற்றியது மெல்லியதாக இருந்தால் வெட்டிச் சரிசெய்யலாம். விரல் கனத்துக்கு மேல் அடிமரத்தையே சுற்றிக்கொண்டிருந்தால் வேண்டாம். வெள்ளை வேர் நல்லது, கறுத்து நாற்றமடிக்கும் வேர் அழுகல்.

கிளை பிரியும் இடத்தையும் பாருங்கள். இரண்டு தண்டுகள் ஒட்டியபடி குறுகலாக மேலே போய், நடுவில் பட்டை உள்ளே மடிந்திருந்தால், புயல் அந்த இடத்தில்தான் மரத்தைப் பிளக்கும். அகலமாக விரிந்த கவை, நடுவில் ஒரே முதன்மைத் தண்டு என்று இருப்பதை எடுங்கள்.

தரையில் வளர்ந்து தோண்டி எடுத்த மரமானால் மண்கட்டியின் அகலம் அடிமரக் கனத்தைப் போல் 10 முதல் 12 மடங்கு இருக்க வேண்டும். 5 செ.மீ. மரத்துக்கு 50, 60 செ.மீ. கட்டி. அதன் எடை 200 கிலோவை நெருங்கும். 8 செ.மீ. மரம் என்றால் கட்டி அரை டன்னைத் தாண்டும், கிரேன் லாரி இல்லாமல் நடக்காது. அந்த லாரி உங்கள் சந்துக்குள் நுழையுமா, மதிலுக்கு மேல் தூக்கி இறக்க இடம் உண்டா என்று பேரம் பேசும் முன்பே அளந்து பார்த்துவிடுங்கள். பலமுறை மரத்தின் விலையைவிட இந்தச் செலவுதான் பெரிது.

ஏற்றும்போதும் இறக்கும்போதும் மண்கட்டியைப் பிடித்துத் தூக்க வேண்டும். அடிமரத்தில் கயிறு கட்டித் தூக்கினால் பட்டை உரிந்து, வேர் உள்ளேயே அறும். திறந்த லாரியில் வரும்போது தழையை ஈரச் சாக்காலோ நிழல்வலையாலோ மூடச் சொல்லுங்கள். நெடுஞ்சாலைக் காற்று அரை மணி நேரத்தில் இலையை உலர்த்திவிடும்.

குழியும் நடவும்

மரம் வருவதற்கு முன்பே குழி தயாராக இருக்க வேண்டும். நம் மண் எரிமலை மண். கரும்புத் தோட்டங்களில் குவிந்து கிடக்கும் கருங்கல் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள், அதே கல்தான் உங்கள் முற்றத்துக்கு அடியிலும். கடப்பாரையோடு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

அகலம் மண்கட்டியைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. ஆழம் மண்கட்டியின் உயரமே, ஒரு விரல்கூட அதிகம் வேண்டாம். வேர் முதலில் பக்கவாட்டில்தான் ஓடும், அதற்கு இளகிய மண் பக்கத்தில் வேண்டும். அடியில் மண் இளகியிருந்தால் மரத்தின் கனத்துக்கு அது அமுங்கி, அடிமரம் மண்ணுக்குள் போய் அழுகும். குழியடியில் சாணமும் குப்பையும் போடுவது நம் பெரியவர்களின் பழக்கம். கன்றுக்கு அது ஓரளவு ஒத்துவரும், 200 கிலோ மரத்துக்கு ஒத்துவராது. குப்பை மக்க மக்க மரம் இறங்கும். எருவை மேலே போடுங்கள், மழை அதைக் கீழே கொண்டுபோகும்.

குழி தோண்டியதும் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் வடிகால் மோசம். வருடத்துக்கு 4000 மி.மீ. வரை மழை பெய்யும் மேட்டுப் பகுதிகளில் இது சகஜம். அங்கே குழியின் ஆழத்தைக் குறைத்து, மண்கட்டியின் மேல்பாகம் தரைக்கு மேல் 20 செ.மீ. நிற்கும்படி வைத்து, சுற்றிலும் மண்ணைச் சரிவாக அணையுங்கள்.

இறக்கும்போது பார்க்க வேண்டியது அடிமரம் விரிந்து வேராக மாறும் இடம். நர்சரியில் சில சமயம் அதன் மேலேயே மண்ணைக் கொட்டியிருப்பார்கள். கையால் கிளறி அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அது தரைமட்டத்தில் அல்லது இரண்டு விரல் மேலே இருக்கும்படி வையுங்கள். மரத்தை நிறுத்திய பிறகு நைலான் கயிறு, கம்பி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அறுத்து எடுங்கள். சணல் சாக்கு என்றால் மேல் பாதியையாவது வெட்டி எடுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த மரமானால் கட்டியின் வெளிப்புறத்தை 2, 3 செ.மீ. சீவிவிடுங்கள். பார்க்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் வட்டமடிக்கும் பழக்கம் அப்போதுதான் போகும்.

தோண்டிய மண்ணையே, பெரிய கல்லை மட்டும் பொறுக்கி, திரும்ப நிரப்புங்கள். பாதி நிரப்பியதும் தண்ணீர் விட்டு மண் அமரட்டும், பிறகு மீதி. காலால் மிதித்து இறுக்க வேண்டாம். மேலே 7 முதல் 10 செ.மீ. மூடாக்கு. கரும்புச் சோகை இந்தத் தீவில் பஞ்சமில்லாமல் கிடைக்கிறது, அதைவிட நல்லது தேட வேண்டியதில்லை. அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள்.

கிளைகளை நடவு நாளில் மொட்டையடிக்காதீர்கள். முறிந்ததை மட்டும் எடுங்கள். இலைதான் வேருக்குச் சோறு சமைக்கிறது.

கயிறு கட்டுவது

சாதாரண ஊரில் ஒரு முட்டுக்கம்பு போதும். இங்கே மூன்று இழுகயிறு வேண்டும், ஒன்று கட்டாயம் தென்கிழக்கே. குளிர்காலம் முழுக்க அந்தத் திசைக் காற்றுதான் வீசும். மற்ற இரண்டும் சம இடைவெளியில். புயலின் கண் கடந்தால் காற்று நேரெதிர்த் திசைக்குத் திரும்பும், அதனால் ஒரு பக்கம் மட்டும் கட்டியதில் பயனில்லை.

மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி அதன்மேல் கயிறு. வெறும் கம்பியோ நைலானோ பட்டையை அறுக்கும். கொடிக்கயிறு போலக் கொஞ்சம் தொய்வு இருக்கட்டும், மரம் லேசாக ஆடினால்தான் அடிமரம் கனக்கும். மாதம் ஒருமுறை கட்டை நகர்த்துங்கள். ஒரு புயல் பருவம் கழிந்ததும் அவிழ்த்துவிடலாம். லிச்சிக்கு மட்டும் இரண்டு பருவம் விடுங்கள்.

தண்ணீர்

நட்ட மரம் செத்தால் பத்தில் ஒன்பது தடவை காரணம் தண்ணீர்தான், குறைவோ அதிகமோ. அடிமரக் கனம் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு தடவைக்கு 3 முதல் 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 செ.மீ. மரத்துக்கு 15, 20 லிட்டர். முதல் இரண்டு வாரம் தினமும், அடுத்த இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒருமுறை. மேட்டு ஊர்களில் மழை பெய்த நாளை விட்டுவிடலாம். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் பட்டால் வேண்டாம். முதலில் தண்ணீர் தேவைப்படுவது மண்கட்டிக்கு. சுற்றியுள்ள மண் நனைந்திருந்தாலும் கட்டி காய்ந்து கிடக்கும்.

20 லிட்டர் வாளியின் அடியில் ஆணியால் ஒரு துளை போட்டு மண்கட்டியின் மேல் வைத்தால் மெதுவாக இறங்கும், ஒரு சொட்டும் ஓடிப்போகாது. மூடி போட்டு வையுங்கள். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நீரைத் தேடிக்கொண்டேதான் இருக்கிறது. அரிசி களைந்த நீரை ஊற்றலாம், சோப்பு நீர் வேண்டாம். ரசாயன உரம் முதல் வருடம் தேவையே இல்லை.

இரண்டு மூன்று வாரத்தில் இலை கொட்டினால் பதற வேண்டாம். கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது.

முதல் புயல்

நவம்பரில் ஒருமுறை மரத்தைப் பாருங்கள். ஒன்றோடொன்று உரசும் கிளை, காய்ந்த கிளை எல்லாவற்றையும் எடுங்கள், ஆனால் தழையில் கால்பங்குக்கு மேல் வேண்டாம். உச்சியை வெட்டிக் குட்டையாக்குவது வேறு, உள்ளே காற்று புகுந்து போக இடம் விடுவது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. முதல் எச்சரிக்கை வந்ததும் கயிற்றைச் சரிபாருங்கள், தொய்வை மட்டும் எடுங்கள், காய் இருந்தால் பறித்துவிடுங்கள், கீழே கிடக்கும் தொட்டியையும் கல்லையும் அப்புறப்படுத்துங்கள். காற்று பலத்த பிறகு வெளியே போகாதீர்கள்.

சாய்ந்துபோனால் மண் ஈரமாக இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாளிலேயே நிமிர்த்த வேண்டும். வெளியே தெரியும் வேரை ஈரச் சாக்கால் மூடி, முறிந்த வேரைச் சுத்தமாக வெட்டி, மரத்தை நிமிர்த்தி, பழைய மூன்று கயிறும் கட்டித் திரும்பத் தினமும் தண்ணீர். அடிமரம் 10 செ.மீ.க்கு மேல் கனத்திருந்தால் வீட்டு ஆட்களால் முடியாது. கடற்கரைப் பக்கம் என்றால் புயல் கழிந்த அன்றே இலைகளைக் குழாய்த் தண்ணீரால் கழுவிவிடுங்கள். உப்பு தங்கினால் இலை கருகும்.

காய்க்கத் தொடங்கிய பிறகு

இரண்டாவது, மூன்றாவது வருடம் மாவும் லிச்சியும் காய்க்கவிடலாம். அப்போது ராத்திரி விருந்தாளிகள் வருவார்கள். இந்தப் பழவௌவால் உலகில் மொரீஷியஸிலும் அருகிலுள்ள ரீயூனியனிலும் மட்டுமே உண்டு. 2015 முதல் அரசு சில முறை ஆயிரக்கணக்கில் சுட்டுக் குறைத்ததால் சர்ச்சை எழுந்து, 2018-ல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. வீட்டுக்காரர் தாமாகக் கொல்லக் கூடாது. வலைதான் வழி, அதுவும் கண் சிறிய வலை. மீன்வலை மாதிரி மெல்லிய நரம்புவலையில் வௌவால் சிக்கிச் செத்துத் தொங்கும், பழமும் பாழ். குலைக்கு ஒரு துணிப்பை கட்டுவது இன்னும் மலிவு.

வலை போட வேண்டுமானால் மரம் 4 மீட்டருக்குள் அடங்க வேண்டும். லிச்சியையும் மாவையும் பழம் பறித்த கையோடு கவாத்து செய்யுங்கள். லிச்சி டிசம்பரில் முடிந்துவிடும், ஜனவரிக் காற்றுக்கு முன் ஒரு வாரமாவது கிடைக்கும்.